ஷுமாஃபின் தங்கை என்று வந்தவள்

எங்கள் ஆட்கள் அம்மானில் குடியேறிய இரண்டாவது வருஷம் அது. மழை ஓய்ந்து சரிவெல்லாம் பச்சை பிடித்திருந்தது. ஸல்த் ஊர் வியாபாரிகளின் கோவேறு கழுதைகளோடு ஒரு பெண் தனியாக வந்து இறங்கினாள். கையில் ஒரு துணி மூட்டை. அரபுப் பெண்களைப் போல முகத்தை மறைத்திருந்தாள். பழைய கல் அரங்கத்துக்கு முன்னால் இருந்த வெட்டவெளியில் நின்று, முக்காட்டை விலக்கி, எங்கள் பாஷையில், "நான் அதிகே. எங்கண்ணனத் தேடி வந்திருக்கேன்," என்றாள். அதிகே என்பது எங்கள் இனத்தின் பெயர்.

ஊர் என்று சொல்ல அப்போது ஒன்றும் கிடையாது. ரோமாபுரிக்காரர்கள் கட்டிவிட்டுப் போன அரங்கத்தின் வளைவுகளுக்குள் எங்கள் ஆட்கள் குடும்பம் குடும்பமாக அடைந்து கிடந்தார்கள். கருங்கடல் கரையிலிருந்து ரஷ்யப் பட்டாளம் விரட்டியது. பல்கேரியாவுக்குப் போனார்கள். அங்கே பிள்ளை குட்டி பெற்று வீடு கட்டி முடித்தபோது அங்கிருந்தும் விரட்டினார்கள். மறுபடி கப்பல். கடைசியில் சுல்தானின் அதிகாரிகள் கை காட்டிய இடம் இது. ஓடை இருந்தது, நிலம் இருந்தது, அந்த நிலத்தைத் தன்னுடையது என்று நெடுங்காலமாக நினைத்திருந்த ஒட்டகக்காரர்களும் இருந்தார்கள். முதல் வருஷமே பலர் காய்ச்சலில் போனார்கள். வேறு சிலர் வண்டியைக் கட்டிக்கொண்டு வடக்கே போய்விட்டார்கள். மிஞ்சியவர்கள் புதிதாக யாரைப் பார்த்தாலும் முகத்தைப் பார்க்கமாட்டார்கள், கையைத்தான் பார்ப்பார்கள்.

ஊர்ப்பெரியவர் எல்மிர்ஸா ஒரு விழுந்த தூணின் மேல் உட்கார்ந்திருந்தார். அவர்தான் விசாரித்தார்.

"யாரு மகம்மா நீ?"

"தெரியாது."

"அப்பன் பேரு தெரியாதா?"

"அப்பான்னுதான் கூப்பிடுவேன்."

கூட்டம் சிரித்தது. அவள் பேசிய விதமும் சிரிப்பாகத்தான் இருந்தது. இருபத்திரண்டு வயதுப் பெண், ஆனால் பேச்சு ஆறு வயதுக் குழந்தையின் பேச்சு. தண்ணீரைக் குழந்தைகள் கேட்கிற மாதிரி கேட்டாள். பெரியவரை மடியில் இருக்கிற குழந்தை தாத்தாவைக் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டாள். ஆறு வயதில் ஒரு துறைமுகத்தில் விற்கப்பட்டு, கைமாறிக் கைமாறி நாப்லூஸ் நகரத்து வியாபாரி வீட்டுக்கு வந்து சேர்ந்தவள். அதற்குப் பிறகு இந்த பாஷையில் அவளோடு யாரும் பேசவில்லை. எஜமானி இறந்ததும் மருமகள் அவளை வெளியே அனுப்பிவிட்டாள். இப்படி அவள் சொன்னாள். கேட்டவர்களில் பாதிப்பேர் நம்பவில்லை.

"உன் பேரு?"

"அந்த வீட்டுல நர்கிஸ். அதுக்கு முன்னாடி தாஹே."

தாஹே என்றால் அழகி. எங்கள் தாய்மார் எந்தப் பெண் குழந்தையைக் கொஞ்சினாலும் வாயில் வருகிற சொல். ஹாஜ்பெக் என்ற இளைஞன், வாய்த்துடுக்கு அதிகம், உடனே சொன்னான்: "எங்கம்மா எங்க வெள்ளாட்டக்கூட தாஹேன்னுதான் கூப்பிடுவா. அதுக்கும் அண்ணன் இருக்கானான்னு தேடுங்க."

அவள் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. "அண்ணன் என்னத் தோள்ல தூக்கிட்டுப் போனான். ஒரு தெரு. நீலக் கதவு போட்ட வீடு. 'இங்கயே இரு, ரொட்டி வாங்கிட்டு வரேன்'னு சொன்னான். வரல," என்றாள்.

கூட்டத்தின் பின்னால் நின்ற ஷுமாஃப் நொண்டியபடி முன்னால் வந்தார். பல்கேரியாவில் முழங்காலில் குண்டு பட்டதிலிருந்து அவருக்கு அந்த நடை. அப்போது வயது முப்பதுகூட ஆகவில்லை, பார்த்தால் கிழவர் மாதிரி இருப்பாராம். அவளை நேராகப் பார்க்காமல் எல்மிர்ஸாவைப் பார்த்துச் சொன்னார்: "என் தங்கச்சிதான். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

அவ்வளவுதான். எந்த ஊர், எந்த வருஷம், ஒரு கேள்விகூட இல்லை.

தண்ணீர்க் குடத்தோடு அங்கே நின்றிருந்த அவர் மனைவி நஃப்செத்துக்குக் குடம் கனத்தது. கல்யாணமான நாளிலிருந்து அவளுக்குத் தெரிந்தது ஒரே கதை. ஷுமாஃபுக்கு ஒரு தங்கை இருந்தாள், கப்பலில் காய்ச்சல் வந்து செத்தாள், கடலில் போட்டார்கள். செத்தவள் இப்போது மூட்டையோடு வந்து நிற்கிறாள், இவர் வா என்கிறார்.

"கடல்ல போட்டதா சொன்னீங்களே?" என்று வளைவுக்குள் வந்ததும் கேட்டாள்.

"அப்படித்தான் நெனச்சேன்."

"நெனச்சீங்களா? போட்டத யாரு பார்த்தா?"

அவர் வெளியே போய்விட்டார். நஃப்செத் அதற்குப் பிறகு வந்தவளை ஒரு நாள்கூடச் சும்மா பார்க்கவில்லை, கண்காணித்தாள். சிறுதானிய மாவை வைத்திருந்த மரத்தொட்டியில் தினமும் காலையில் மாவைத் தட்டிச் சமன்செய்து, மேலே தன் உள்ளங்கையை அழுத்தித் தடம் வைப்பாள். யாராவது கை வைத்தால் தடம் கலைந்துவிடும். ஒரு நாள் காலையில் மூடியைத் திறந்தால் அவளுடைய தடம் அப்படியே இருந்தது. பக்கத்தில் இன்னொரு கைத்தடம், கொஞ்சம் சின்னது.

"என்ன இது?"

"எனக்கும் ஒரு கை இருக்கு அண்ணி," என்றாள் தாஹே, ரொட்டியைத் திருப்பிப் போட்டபடி. "நாப்லூஸ்ல எஜமானியும் இப்படித்தான் பண்ணுவா. அவ அரிசில பண்ணுவா."

நஃப்செத்துக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்ததாம். ஆனாலும் மறுநாளும் தடம் வைத்தாள். பிடிபட்டோம் என்பதற்காகச் சந்தேகத்தை விடுகிற ஆள் இல்லை அவள்.

ஓடைக்குக் கீழ்ப்புறம் ஒட்டகக்காரர்களான பனூ ஷாஹிப் குலத்துப் பெண்கள் கம்பளி அலச வருவார்கள். எங்கள் பெண்கள் அவர்களைக் கண்டால் துணியைச் சுருட்டிக்கொண்டு எழுந்துவிடுவார்கள். தாஹே அவர்களோடு உட்கார்ந்து மணிக்கணக்கில் பேசினாள், சிரித்தாள். அவர்களில் மூத்தவள் ஃபித்தா, குலத்தலைவர் முத்லக்கின் மனைவி. ஒரு நாள் அவர்கள் இந்தப் பக்கம் கைநீட்டி விழுந்து விழுந்து சிரித்ததை நஃப்செத் பார்த்தாள்.

"எங்கள காட்டி என்ன சிரிப்பு?"

"நம்ம வண்டிச் சக்கரம் கத்துற சத்தத்துக்கு அவங்க ஒட்டகம் மிரளுதாம். பேய்க்குப் பிரசவம் ஆகுற மாதிரி இருக்குன்னு ஃபித்தா சொல்றா."

"இதுக்கா அவ்வளவு நேரம்?"

"வேற என்ன பேசினேன்னு நெனைக்கிறீங்க?"

"அதத்தான் நானும் யோசிக்கிறேன்," என்றாள் நஃப்செத்.

ஊரில் மற்றவர்களும் அதைத்தான் யோசித்தார்கள். அரபு பேசத் தெரிந்த ஆள் அதுவரை எங்களிடம் இல்லை. கையைக் காலை ஆட்டித்தான் எல்லாம் நடந்தது. இப்போது ஒருத்தி கிடைத்தாள், அவளில்லாமல் முடியாது, அவளை நம்பவும் முடியாது.

வாற்கோதுமை முழங்கால் உயரம் வந்தபோது முத்லக் நான்கைந்து குதிரைக்காரர்களோடு ஓடைக்கரைக்கு வந்தார். முந்தின வருஷம் எங்கள் விளைச்சலில் பாதி அவர்களுடைய ஒட்டகங்களின் வயிற்றுக்குள் போயிருந்தது. குளிர்காலம் முழுக்க எங்கள் ஆட்கள் காட்டுக்கீரையை அவித்துத் தின்றார்கள். குழந்தைகள் தாங்கவில்லை. ஷுமாஃபும் நஃப்செத்தும் தங்கள் ஒரே மகனை அந்தக் குளிரில்தான் புதைத்தார்கள்.

முத்லக் குதிரையிலிருந்து இறங்காமலே பேசினார். தாஹே கேட்டுவிட்டுத் திரும்பினாள். "இந்தப் பள்ளத்தாக்கு எங்க தகப்பன்மார் மேய்ச்சல் நெலம், நீங்க வந்துட்டீங்க, இருங்க, ஆனா வயலுக்குக் காவல் வேணும்னா எங்களுக்குச் சேர வேண்டியதக் கொடுக்கணும், ஒரு ஜோடி உழவுமாடு கொடுத்தாக்கூடப் போதும், எங்க ஒட்டகம் ஒண்ணுகூட உள்ள வராது, வேற குலத்து ஒட்டகத்தையும் விடமாட்டோம்னு சொல்றாரு."

"அவன் நாலு வார்த்தைதான் பேசினான்," என்றான் ஹாஜ்பெக். "இவ நாப்பது பேசறா. மிச்சம் முப்பத்தாறு யாரோடது?"

"அவங்க பாஷைல சின்னதா சொல்லலாம்."

"நம்ம பாஷைல மட்டும் உனக்கு வளவளன்னு வருதோ?"

எல்மிர்ஸா கையமர்த்தினார். "சுல்தான் கொடுத்த நெலம் இது. வரி கட்டுறதுன்னா சுல்தானுக்குக் கட்டுவோம். ஒட்டகக்காரனுக்கு ஒரு பிடி தானியம்கூடக் கிடையாது, ஒரு மாட்டோட வாலும் கிடையாதுன்னு சொல்லு."

அவள் சொன்னாள். முத்லக் சிரித்தார். சிரித்துவிட்டுக் குதிரையைத் திருப்பிக்கொண்டு போனார்.

"ஏன் சிரிச்சான்? நீ என்ன சொன்னே?" என்று ஹாஜ்பெக் கத்தினான்.

"நீங்க சொன்னதத்தான் சொன்னேன். அவருக்குக் கோவம் வந்தா சிரிப்பாரு."

அவருக்குக் கோபம் வந்தால் எப்படியிருக்கும் என்பது இவளுக்கு எப்படித் தெரியும் என்று அன்று முழுக்க எல்லா வளைவுகளிலும் பேச்சு. அன்றே எல்மிர்ஸா வீட்டுத்தலைவர்களையெல்லாம் கூட்டி, குர்ஆன் மேல் கைவைத்துச் சத்தியம் வாங்கினார். யாரும் பனூ ஷாஹிப்புக்கு ஒன்றும் கொடுக்கக் கூடாது. மீறினவன் ஊரைவிட்டுப் போக வேண்டியதுதான். ஷுமாஃபும் கை வைத்தார்.

கதிர் பழுக்க ஆரம்பித்தது. அரங்கத்துக்குப் பின்னால், உடைந்த தூண்களுக்கு நடுவே முள்வேலி கட்டி மாடுகளை அடைத்திருந்தார்கள். நஃப்செத்தின் ஜோடிக்கு அங்கே தனி இடம். நெற்றியில் வெள்ளைப் பொட்டு இருந்தது சுட்டி, சாம்பல் நிறத்தது மயிலை. நாப்லூஸ் சந்தையில் தன் கல்யாண வெள்ளி ஒட்டியாணத்தைக் கொடுத்து வாங்கின மாடுகள். அவள் அவற்றோடு பேசுகிற அளவுக்குப் புருஷனோடு பேசமாட்டாள் என்று என் அப்பா சொல்வார். அவர் பக்கத்து வளைவில் குடியிருந்தவர்.

ஒரு நாள் காலையில் போய்ப் பார்த்தால் ஜோடி இல்லை. வேலிமுள் எடுத்த இடத்திலேயே திரும்பச் சாத்தப்பட்டிருந்தது. மற்றவர்களுடைய மாடுகள் அப்படியே நின்றன.

நஃப்செத் கூச்சல் போடவில்லை. அந்த முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றாள். திருடன் வேலியைச் சாத்திவிட்டுப் போவானா? அவள் மாடுகளை மட்டும் பொறுக்கி எடுப்பானா?

ஊர் கூடிவிட்டது. முந்தின நாள் தாஹே பனூ ஷாஹிப் கூடாரங்களுக்குத் தனியாகப் போயிருந்தாள். பாலாடைக்கட்டியைக் கொடுத்துக் கம்பளி வாங்கி வருவதாகச் சொல்லிப் போனவள் வெறுங்கையோடு திரும்பியிருந்தாள். இதைப் பத்துப்பேர் பார்த்திருந்தார்கள்.

"இதுக்கு மேல என்ன வேணும்?" என்றான் ஹாஜ்பெக். "எந்த வளைவுல யாரு இருக்கா, எந்த மாடு எங்க நிக்குதுன்னு போய்ச் சொல்லிட்டு வந்திருக்கா. இன்னிக்கு மாடு. நாளைக்கு வயலுக்கு நெருப்பு. இவள வந்த கழுதையிலயே ஏத்தி அனுப்புங்க."

ஷுமாஃப் அங்கேதான் நின்றார். தங்கை என்று ஊர் முன்னால் சொன்னவர் இப்போது மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றார். நஃப்செத் அதையும் பார்த்தாள்.

தாஹே எல்மிர்ஸாவிடம் சொன்னாள்: "நான் போய்க் கேட்டுட்டு வரேன்."

"போனா திரும்பி வருவியா?" என்றான் ஹாஜ்பெக்.

"நான் கூடப் போறேன்," என்றாள் நஃப்செத். "என் மாடு. நான் பார்க்கிறேன்."

அப்போதுதான் ஷுமாஃப் தலைநிமிர்ந்தார். "நீ எதுக்கு? நான் போறேன்."

"ஏன், நான் போனா என்ன?"

அவர் முகம் வெளுத்துப்போனதாக நஃப்செத் சொல்வாள். எல்மிர்ஸா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "பொம்பளைங்க போகட்டும். பொம்பளைங்க போனா அங்க துப்பாக்கி தூக்கமாட்டாங்க," என்றார்.

வெயில் ஏறுகிற நேரத்தில் இருவரும் கிழக்கே நடந்தார்கள். தாஹே முன்னால், நஃப்செத் பின்னால். முதுகைக் காட்டி நடக்க நஃப்செத்துக்கு மனமில்லை. இடுப்பில் ஒரு சின்னக் கத்தி செருகியிருந்தாள்.

"அந்தக் கத்தி எனக்கா, அவங்களுக்கா?" என்று திரும்பாமலே கேட்டாள் தாஹே.

"யாரு முதல்ல ஏமாத்துறாங்களோ அவங்களுக்கு."

"அப்ப கொஞ்ச நேரம் உள்ளயே இருக்கட்டும்."

கூடாரத்தில் ஃபித்தா மோரும் தணலில் சுட்ட ரொட்டியும் வைத்தாள். விருந்தாளிக்குச் செய்கிற மரியாதை எல்லாம் செய்தாள். நஃப்செத் மோரைத் தொடவில்லை. நடுக்கம்பத்தில் சாய்ந்துகொண்டு இருவருடைய உதடுகளையும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சொல்கூடப் புரியவில்லை. தாஹே தணிந்த குரலில் வேகமாகப் பேசினாள், கெஞ்சுகிற மாதிரி இருந்தது. ஃபித்தா தலையை ஆட்டினாள். அந்தப் புரியாத பேச்சின் நடுவே ஒரு பெயர் நஃப்செத்தின் காதில் விழுந்தது. ஷுமாஃப்.

கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் அவள் வாயால் ஒரு தரம்கூடச் சொல்லாத பெயர். எங்களில் பெண்டாட்டி புருஷன் பெயரைச் சொல்வதில்லை. அதை ஒட்டகக்காரன் கூடாரத்தில், அந்நியப் பெண் ஒருத்தி சொல்லக் கேட்டாள்.

அவள் எழுந்து வெளியே போனாள். ஃபித்தா பின்னாலிருந்து ஏதோ கூப்பிட்டாள். நஃப்செத் கூடாரங்களுக்குப் பின்பக்கமாக நடந்தாள். அங்கே நிலம் ஒரு வறண்ட பள்ளமாக இறங்கியது. ஆடுகள் தெரிந்தன. அவள் கைகளை வாயருகே குவித்து, தினமும் காலையில் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டாள்.

"ஹோ... சுட்டி! சுட்டி, வா!"

பள்ளத்துக்குள்ளிருந்து ஒரு தலை நிமிர்ந்தது, நெற்றியில் வெள்ளைப் பொட்டு. கழுத்துக்கயிற்றை மண்ணில் இழுத்துக்கொண்டு நேராக அவளிடம் ஏறி வந்து, வழக்கமாகச் செய்வதுபோல அவள் தோளில் மூக்கை வைத்து மூச்சுவிட்டது.

நஃப்செத் ஒரு கையால் கொம்பைப் பிடித்தாள், மறு கையால் கத்தியை எடுத்தாள். ஆட்கள் ஓடி வந்தார்கள். முத்லக்கும் வந்தார். கத்தியைப் பார்த்து அவருக்குக் கோபம் வரவில்லை, ஆச்சரியம்தான் வந்தது. தாஹேயிடம் ஏதோ கேட்டார்.

"என்ன சொல்றான்?"

தாஹே தலைகுனிந்தாள்.

"கேக்குறேன்ல? ஒரு வார்த்தை மாத்தாம சொல்லு!"

"கொடுத்ததத் திருப்பிக் கேக்குறது உங்க ஆளுங்க வழக்கமான்னு கேக்குறாரு."

"கொடுத்ததா? யாரு கொடுத்தது?"

"அண்ணன்."

"பொய்! இவன் ஒண்ணு சொன்னா நீ ஒண்ணு சொல்ற!"

முத்லக்குக்கு எங்கள் பாஷை தெரியாது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்து விஷயம் புரிந்துவிட்டது. அவர் தன் கோலைக் கீழே போட்டார். ஒரு முழங்காலை விறைப்பாக வைத்துக்கொண்டு நொண்டி நொண்டி நாலு அடி நடந்தார். மாட்டின் பக்கத்தில் வந்து நின்று, அதன் நெற்றிப் பொட்டைத் தடவினார். பிறகு தன் முகத்தை அதன் கழுத்தில் புதைத்துத் தோள் குலுங்க நின்றார். நிமிர்ந்து, கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொள்வதுபோலக் காட்டிவிட்டு விலகினார்.

அதற்கு யாரும் மொழிபெயர்ப்புச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நஃப்செத் கொம்பை விட்டாள்.

திரும்பி வரும்போது பாதி வழியில் ஒரு பாறை நிழலில் உட்கார்ந்துவிட்டாள். தாஹே கொஞ்சம் தள்ளி நின்றாள்.

"எப்போ ஏற்பாடு பண்ணினீங்க?"

"சத்தியம் பண்ணின மறுநாளே அண்ணன் என்கிட்ட வந்தாரு. 'இன்னொரு குளிர்காலம் அவ கீரை அவிக்கிறத என்னால பார்க்க முடியாது, இன்னொரு குழி வெட்டவும் முடியாது, சத்தியத்த மீறுற பாவம் என்னோடது, நீ போய்ப் பேசு'ன்னாரு. நான் பேசினேன். ஒரு ஜோடிக்கு மொத்தப் பள்ளத்தாக்கையும் காவல் காக்க முத்லக் ஒத்துக்கிட்டாரு."

"அது என் ஒட்டியாணம்டி."

"தெரியும்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"கேட்டா கொடுத்திருப்பீங்களா?"

நஃப்செத் யோசித்தாள். "மாட்டேன்," என்றாள்.

மறுபடி நடக்கும்போது அவளே கேட்டாள்: "ஊரே உன்ன விரட்டுதே. உண்மையச் சொல்லிட வேண்டியதுதானே?"

"சொன்னா அவர விரட்டுவாங்க. நீங்களும் போகணும். எனக்கு விரட்டப்படுறது பழக்கம்."

அரங்கத்தின் முன்னால் எல்லாரும் காத்திருந்தார்கள். ஷுமாஃப் ஓரமாக நின்றார். தூக்குக்குப் போகிற ஆளின் முகம் என்று என் அப்பா சொல்வார், காரணம் அவருக்கு அப்போது தெரியாது. நஃப்செத் நேராக எல்மிர்ஸாவிடம் போனாள்.

"ஒவ்வொரு கூடாரமாப் பார்த்தேன். பட்டியப் பார்த்தேன், பள்ளத்தப் பார்த்தேன். எங்க மாடு அங்க இல்ல."

"இவ அங்க என்ன பேசினான்னு உனக்கு என்ன தெரியும்?" என்றான் ஹாஜ்பெக்.

"காதுதான் புரியல, கண்ணு நல்லாத்தான் தெரியுது. மாடு போனது எனக்கு. ஒட்டியாணம் போனது எனக்கு. நானே இவ எடுக்கலேங்கிறேன், உனக்கு என்ன வலிக்குது? இவள அனுப்பணும்னா முதல்ல என் கொப்பரையத் தூக்கி வெளிய வை, அப்புறம் என்ன, அப்புறம் இவள."

எல்மிர்ஸா அவளை வெகுநேரம் பார்த்தார். பிறகு ஷுமாஃபைப் பார்த்தார். "மாடு வடக்கே எங்கயாவது போயிருக்கும்," என்று சொல்லிவிட்டு எழுந்தார். அவருக்குத் தெரியும் என்றுதான் நான் நினைக்கிறேன்.

அந்தக் கோடையில் ஓர் ஒட்டகம்கூட எங்கள் வயலில் கால் வைக்கவில்லை. கதிரை அறுத்தார்கள், போரடித்தார்கள், குழி நிறையத் தானியம் சேர்ந்தது. ஏன் வரவில்லை என்று அதற்கும் ஒரு சந்தேகம் கிளம்பாமல் இல்லை. எல்மிர்ஸா சத்தியத்தின் பலன் என்றார். ஹாஜ்பெக் தன் துப்பாக்கிக்குப் பயந்துவிட்டார்கள் என்றான். அவனுடைய பேரன்கள் இன்றும் அதைத்தான் சொல்கிறார்கள். நான் மறுப்பதில்லை.

வீட்டுக்குள் நிலைமை வேறு. நஃப்செத் புருஷனோடு பேச்சை நிறுத்திவிட்டாள். இரவல் மாட்டை வைத்து அவர் போரடிக்கையில் பக்கத்தில் நின்றுகொண்டே, "உங்க அண்ணன்கிட்ட சொல்லு, ஓரம் சரியா மிதிபடல," என்பாள். தாஹே திரும்பி, "அண்ணே, ஓரம் சரியா மிதிபடலயாம்," என்பாள். "பார்க்கிறேன்னு சொல்லு," என்பார் அவர். ஒரு நாள் தாஹே இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து சொன்னாள்: "நாப்லூஸ்ல இப்படி வேல பார்க்கிறவங்களுக்குத் தனியாச் சோறு போடுவாங்க." ஷுமாஃப் சிரித்துவிட்டார். நஃப்செத்துக்கும் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்து முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அன்றுதான் அவள் அவரிடம் நேரடியாகக் கேட்டாள், தாஹே ஓடைக்குப் போயிருந்த நேரத்தில். "இவ நிஜமாவே உங்க தங்கச்சிதானா?"

ஷுமாஃப் வைக்கோலைக் கையில் முறுக்கிக்கொண்டே சொன்னார். துறைமுகத்தில் ஆட்கள் பட்டினியில் செத்துக்கொண்டிருந்தார்கள். அப்பா ஒரு வியாபாரியிடம் பேசி முடித்துவிட்டார். குழந்தையைக் கொண்டுபோய் விடும் தைரியம் அவருக்கில்லை. பன்னிரண்டு வயது மகனை அனுப்பினார். "நான்தான் தோள்ல தூக்கிட்டுப் போய் அந்த நீலக் கதவுக்கு முன்னால இறக்கிவிட்டேன். ரொட்டி வாங்கிட்டு வரேன்னேன். இத நான் ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்ல, உங்கிட்டகூட. அவ வந்து நீலக் கதவுன்னதும் எனக்கு வேற என்ன கேக்க இருக்கு?"

நஃப்செத் அதை நம்பினாள். தன்னுடைய சந்தேகம் முடிந்தது என்றுகூட நினைத்தாள். ஆனால் அவள் சுபாவம் விடவில்லை. இலையுதிர்காலத்தில் தாஹேக்குக் காய்ச்சல் கண்டது. பக்கத்தில் உட்கார்ந்து நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டே, அந்த வீடு எப்படி இருந்தது, கதவுக்கு நிலைப்படி இருந்ததா என்று கேட்டுப் பார்த்தாள்.

தாஹே கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தாள். தெளிவாகத்தான் இருந்தாள்.

"அண்ணி, ஒண்ணு சொல்றேன். அப்புறம் என்ன அனுப்பணும்னா அனுப்பிடுங்க. முதல் வருஷம் நம்ம வண்டிக்காரர் ஒருத்தர், அப்புறம் வடக்கே போயிட்டவர், நாப்லூஸ் சந்தைக்கு வந்திருந்தார். நான் காய்கறி வாங்கப் போனேன். அவர் பேசுறதக் கேட்டு அழுதுட்டேன். அவர் பாவப்பட்டு, 'எங்க ஊர்ல நொண்டி ஒருத்தன் இருக்கான், குண்டு பட்ட காய்ச்சல்ல என் வண்டில தனியாக் கிடந்தப்போ தங்கச்சி, நீலக் கதவு, ரொட்டின்னு பினாத்தினான், நீ அந்தத் தங்கச்சியா இருக்கலாமே'ன்னாரு. அன்னிலேர்ந்து எனக்கு நீலக் கதவு தெரியுது. அதுக்கு முன்னாடி தெரிஞ்சுதா, அவர் சொன்னதுக்கப்புறம்தான் தெரியுதான்னு எனக்கே தெரியல. யாரோ தோள்ல தூக்கிட்டுப் போனது மட்டும் நெசம்."

நஃப்செத் துணியை நனைத்துப் பிழிந்து மறுபடி போட்டாள். "இத அவருகிட்ட சொன்னியா?"

"இல்ல."

"சொல்லாத."

அந்தக் குளிர்காலத்தில் எங்கள் வளைவில் யாரும் கீரை அவிக்கவில்லை. பனி விழுவதற்கு முன்னால் புதிதாக வண்டிகள் வந்தன. கப்பலிலிருந்து இறங்கிய இன்னொரு கூட்டம். முத்லக்கின் ஆட்கள் ஓடைக்கு அப்பால் குதிரைகளில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். வண்டிக்காரர்களும் கையைத் துப்பாக்கியில் வைத்தபடியே நின்றார்கள். எல்மிர்ஸா தாஹேயைப் பார்த்தார். அவள் தண்ணீருக்குள் இறங்கி நடுவில் நின்றுகொண்டு அந்தப் பக்கம் பார்த்து அரபியில் பேசினாள், இந்தப் பக்கம் பார்த்து எங்கள் பாஷையில் பேசினாள். அதற்குள் அவள் பேச்சு பெரியவர்கள் பேச்சாகியிருந்தது. வண்டிகள் ஓடையைக் கடந்தன. ஹாஜ்பெக் மட்டும் கடைசிவரை அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

புதிதாக வந்தவர்களில் மனைவியை இழந்த ஒருவருக்கு அடுத்த வசந்தத்தில் அவளைக் கேட்டார்கள். மாப்பிள்ளை எங்கிருந்து வந்தான், முதல் மனைவி எப்படிச் செத்தாள் என்று நஃப்செத் ஒரு மாதம் துருவித் துருவி விசாரித்தாள். ஷுமாஃப் அண்ணன் இடத்தில் நின்று கல்யாணத்தை நடத்தினார். மூன்று பிள்ளைகள் பிறந்தன. ஓடைக்கு இரண்டு பக்கமும் எந்தத் தகராறு வந்தாலும் அவளைத்தான் கூப்பிட்டார்கள். கூப்பிட்டவர்கள், அவள் முழுசாகச் சொல்கிறாளா என்று கடைசிவரை சந்தேகப்படவும் செய்தார்கள்.

வெட்டுக்கிளி வந்த வருஷம் அவள் இறந்தாள். உடலைக் குளிப்பாட்டியது நஃப்செத். பனூ ஷாஹிப் பெண்கள் நடந்தே வந்து, ஃபித்தா முன்னால் நிற்க, மார்பில் அடித்துக்கொண்டு நர்கிஸ் நர்கிஸ் என்று அலறினார்கள். சாவில் சத்தம் போட்டு அழுவது எங்களிடம் வழக்கமில்லை. பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். "அழட்டும், விடுங்க. அவங்களுக்கும் அவ வேணும்," என்றாள் நஃப்செத். ஷுமாஃப் வாசலில் உட்கார்ந்து, துக்கம் கேட்க வந்த ஒவ்வொருவரிடமும், "என் கூடப்பிறந்தவ போயிட்டா," என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு இரண்டு வருஷம் இருந்தார்.

அவரும் போன பிறகுதான் நஃப்செத் இதையெல்லாம் எனக்குச் சொன்னாள். அப்போது அவள் எங்கள் பக்கத்து வீட்டில் தனியாக இருந்தாள். அப்போ அவள் தங்கையா இல்லையா என்று கேட்டேன்.

"எனக்குத் தெரியாதுப்பா," என்றாள். "அவளுக்கும் தெரியாது. ஒருத்தருக்குத் தெரிஞ்சிருந்தது, அவரு நிம்மதியாப் போனாரு."